முட்டு வருத்தம்

தம்பி இந்தியாவோ? ரெலிபோனில அம்மாவோட கதைச்சதைக் கேட்டனான். ஒட்டுக் கேக்கேல்லை, முன்னுக்கு இருந்தா காதில விழும்தானே. இருங்கோ, இருங்கோ, பையைத் தூக்காதேங்கோ. எனக்கு இந்த இடம் காணும். இந்த ரெயினில தமிழ்ச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்.

நான் யாழ்ப்பாணம், கோப்பாய்ப் பக்கம். பேர் குகதாசன். இஞ்ச வடக்க, கடற்கரையில ஒரு சின்ன ரவுனில மீன் பக்ரரியில வேலை. இண்டைக்குத் தலைநகருக்குப் போறன், லோயரைச் சந்திக்க. ஒரு வழக்கு. என்ர மகன்ர வழக்கு.

மகன் இப்ப இல்லை. அஞ்சரை வயசில செத்துப்போனான். சாருகன்.

இல்லைத் தம்பி, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். எல்லாரும் சொல்லி முடிச்சிட்டினம். கேட்டுக்கொண்டு வந்தாக் காணும். நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரித் தெரியுது, நியாயத்தை நீங்களே சொல்லுங்கோ.

இந்த நாட்டில பிள்ளையளுக்கெண்டு ஒரு கந்தோர் இருக்கு, நீங்கள் ஆபீஸ் எண்டுவியள், தெரியும்தானே? தாய் தேப்பன் பிள்ளையை ஒழுங்கா வளக்கேல்லை எண்டு அவைக்குப் பட்டா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வேற ஒரு குடும்பத்திட்டக் குடுத்திடுவினம். வளக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தை நாங்கள் கண்டிருக்கமாட்டம். எந்த ஊர், எந்தத் தெரு, ஒண்டும் சொல்லமாட்டினம். எங்கட பிள்ளையை அப்பிடித்தான் கொண்டு போனவை. வெள்ளிக்கிழமை கொண்டு போனவை, ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் வந்து கதவைத் தட்டினது.

ஏன் கொண்டு போனவை எண்டு கேப்பியள். எல்லாரும் அதைத்தான் முதல் கேக்கினம். சொல்லுறன். ஒளிக்க ஒண்டுமில்லை.

என்ர வீட்டில ஒரே ஒரு சட்டம்தான். வாசலைத் தாண்டி உள்ளுக்கு வந்தாத் தமிழ். வெளியில நீ என்னத்தையும் கதை, நான் கேக்கமாட்டன். உள்ளுக்குத் தமிழ். இதுக்காக எங்கட சனம் என்ன பாடு பட்டது, தம்பி. இஞ்ச வந்து பாக்கிறன், ஒவ்வொரு வீட்டிலயும் பிள்ளையள் தாய் தேப்பனுக்கு வெள்ளைக்காரன்ர பாஷையில மறுமொழி சொல்லுதுகள். இவையும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கினம். என்ர வீட்டில அது நடக்காது எண்டு நான் அவன் பிறக்க முதலே சொன்னனான்.

அண்டைக்குச் சாப்பாட்டு மேசையில இருக்கிறம். சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு, வேண்டாம் எண்டதை அவையின்ர பாஷையில சொல்லுறான். "தமிழில சொல்லு" எண்டனான். திருப்பியும் அதே சொல். சிரிச்சுக்கொண்டு சொல்லுறான். விளையாட்டெண்டு நினைச்சிட்டான். பக்கத்தில அடிமட்டம் கிடந்தது, கோடு கீறுறது, ஒரு முழப் பலகை. காலில ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. நான் அடிக்கிற ஆள் இல்லைத் தம்பி. ஊரில நாங்கள் வாங்காத அடியோ? என்ர அப்பு பனைமட்டையால விட்டவர், நான் என்ன கெட்டே போனனான்?

அடுத்தநாள் சின்னப் பள்ளிக்கூடத்தில உடுப்பு மாத்தேக்கை ரீச்சர் பாத்திட்டா. "இது என்ன?" எண்டு கேட்டிருக்கிறா. "அப்பா" எண்டு சொல்லியிருக்கிறான். காலில மூண்டு கோடு எண்டு எழுதினவ. மூண்டு எங்கயிருந்து வந்தது? மிஞ்சிப்போனா ரெண்டு இருக்கும்.

சரி. அதை விடுங்கோ. அதில்லை வழக்கு.

பின்னேரம் வீட்டுக்கு வந்திட்டினம். கந்தோரால ரெண்டு பொம்பிளையள், கூட ஒரு பொலிஸ். மனுசி தனிய. வதனி அவவின்ர பேர். அவவுக்கு அப்ப இந்தப் பாஷை தெரியாது. நான் படிக்க விடேல்லை எண்டில்லை, தேவை வரேல்லை. கடை, டொக்டர், வங்கி எல்லாம் நான்தானே பாக்கிறது. அவை ஒரு ரெலிபோனை மேசையில வைச்சு, அதுக்குள்ளால மொழிபெயர்க்கிற ஒரு பிள்ளையைப் பிடிச்சவை. எங்கயோ தெற்கில இருக்கிற பிள்ளை. தமிழ் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு கேட்டிருக்கினம், கிடைச்ச ஆள் உங்கட பக்கம். கோயம்புத்தூர். கோவிக்காதேங்கோ, உங்களைக் குறை சொல்லேல்லை.

நான் வேலையால வர, அவன் ஜக்கெற் போட்டு, தொப்பி போட்டு, வாசலில நிக்கிறான். ஒரு பொம்பிளை அவன்ர கையைப் பிடிச்சிருக்கிறா. மனுசி ரெலிபோனுக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டு கதைக்கிறா. நான் கத்தினனான். பெத்த தேப்பன் கத்தாமல் வேற ஆர் கத்துறது? அந்தப் பொலிஸ்காரன் என்னைச் சுவரோட சேத்துப் பிடிச்சான். நான் விடேல்லை. அவை காரில ஏத்துமட்டும் கத்தினனான்.

மனுசி என்ன சொல்லிக்கொண்டிருந்தவ தெரியுமோ? இப்ப நான் உங்களிட்ட ஒரு வசனம் சொல்லுறன், என்ன விளங்குது எண்டு சொல்லுங்கோ. "பிள்ளைக்கு முட்டு வருத்தம் இருக்கு."

சொல்லுங்கோ. யோசிக்காமல் சொல்லுங்கோ.

முழங்கால் வலியோ? ... கவலையோ?

பாத்தியளே. நீங்கள் நல்லாப் படிச்ச பிள்ளை, பச்சைத் தமிழன், உங்களுக்கே விளங்கேல்லை.

வருத்தம் எண்டா எங்களுக்கு நோய் தம்பி. காய்ச்சல், சலரோகம், எல்லாம் வருத்தம். உங்களுக்கு அது மனக்கவலை. முட்டு எண்டா எங்களுக்கு மூச்சு இழுப்பு. நெஞ்சு அடைச்சு, விசிலடிக்கிற மாதிரி இழுக்கும். சாருகனுக்கு ரெண்டு வயசில இருந்து அது இருக்கு. குளிருக்கு வரும், தூசிக்கு வரும், நாய் பூனையின்ர மயிருக்குக் கட்டாயம் வரும். வாயில வைச்சு அடிக்கிற பம்ப் இருக்கெல்லே, அதை ரெண்டுதரம் அடிச்சா நிண்டிடும். அவ்வளவுதான். ரெண்டுதரம் அடிச்சாக் காணும்.

மனுசி அதைத்தான் சொன்னவ. பிள்ளைக்கு முட்டு வருத்தம், பம்ப் பையின்ர பக்கத்து சிப்புப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிருக்கிறன், நாய் பூனை இருக்கிற வீட்டில விடவேண்டாம். மூண்டு விசயம். இருந்த பதட்டத்திலயும் மூண்டையும் சொன்னவ. அந்தப் பிள்ளை ரெலிபோனுக்குள்ளால அவையின்ர பாஷையில சொன்னது: "தாய் சொல்லுறா, பிள்ளைக்கு மனவருத்தம் இருக்கு." அவ்வளவுதான் போனது.

கந்தோர்க்காரிக்கு அது போதும். பிள்ளைக்கு மனவருத்தம், எழுதியாச்சு. டொக்டரிட்டக் கேட்டிருக்கலாம். எல்லாம் டொக்டரிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டபடியால் டொக்டர் பூட்டிட்டாராம். திங்கக்கிழமை கேப்பம் எண்டு இருந்தவையாம்.

ஞாயிறு மத்தியானம் பொலிஸ் வந்தது. நான் அதைச் சொல்லேல்லை. அதைச் சொல்ல எனக்கு ஏலாது.

பிள்ளையைத் தந்தவை. பிறகு பையையும் தந்தவை. வதனி பையைக் கட்டிலில வைச்சு, உடுப்பு ஒண்டையும் தொடாமல், பக்கத்து சிப்பைத்தான் முதல் இழுத்தவ. பம்ப் அப்பிடியே கிடக்குது. மூடி கூடக் கழட்டேல்லை. அவ அழேல்லை. அதைக் கையில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தவ. நான் சொன்னனான், "பாத்தியே, கொலைகாரர். ஒருத்தரையும் விடமாட்டன்" எண்டு.

விடவும் இல்லை. லோயர் பிடிச்சன். பேப்பருக்குச் சொன்னன். பக்ரரியில பாதி நாள் லீவு. கந்தோர் வாசலில அவன்ர படத்தை வைச்சுக்கொண்டு பனிக்குள்ள நிண்டனான். எங்கட சனம் முதல் கொஞ்சநாள் கூட நிண்டவை, பிறகு ஒவ்வொருத்தராக் கழண்டுட்டினம். வதனி ஒருநாளும் வரேல்லை. அவ பாஷை படிக்கிற வகுப்புக்குப் போகத் தொடங்கிட்டா. நான் மறிக்கேல்லை. துக்கத்துக்கு ஒரு மாறுதல் வேணும்தானே எண்டு விட்டிட்டன். விடிய போனா மத்தியானம் வருவா, வந்து குசினியில அடுப்புக்குப் பக்கத்தில இருந்து தனியச் சொல்லிப் பாப்பா. வீட்டுக்குள்ளதான். நான் ஒண்டும் சொல்லேல்லை.

கடைசியா விசாரணை வைச்சவை. ஒரு நீதவான், பக்கத்தில ஒரு டொக்டர். கந்தோர்க்காரர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அண்டைக்கு ரெலிபோனில கதைச்சது பதிவில இருந்திருக்கு. அதைப் போட்டுக் காட்டினவை. முதல்தரம் கேக்கேக்கை ஒண்டும் விளங்கேல்லை. என்ர சத்தம்தான். எருமை மாதிரி ஒரு சத்தம், "விடடா, விடடா" எண்டு. அதுக்குக் கீழ எங்கயோ மனுசியின்ர குரல். "முட்டு வருத்தம்" எண்டது கேக்குது. அங்கால பம்ப் எண்டதும் நாய் எண்டதும் கேக்கேல்லை. திருப்பித் திருப்பிப் போட்டவை. ஒவ்வொருதரமும் நான்தான். கந்தோர்க்காரரின்ர லோயர் எழும்பி, "இந்தச் சத்தத்துக்குள்ள மொழிபெயர்ப்பாளருக்கு எப்பிடிக் கேக்கும்?" எண்டு கேக்கிறான். பாத்தியளே நியாயத்தை? பிள்ளையைப் பறிகுடுக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கோணுமாம்.

மொழிபெயர்த்த பிள்ளையைக் கூப்பிட்டவை. சின்னப் பிள்ளை, புதுசாக் கலியாணம் செய்து வந்த மாதிரி. முகம் வெளிறிப்போச்சு. நீதவானைப் பாக்காமல் எங்களைப் பாத்துத்தான் சொன்னது. "சார், எங்க ஊர்ல வருத்தம்னா வேற சார். முட்டின்னா முழங்கால். எனக்குக் குழப்பமா இருந்துச்சு, இன்னொரு தடவை கேக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள கார் கெளம்பிருச்சுன்னு லைன கட் பண்ணிட்டாங்க." எண்டிட்டு அழுதது. நான் எழும்பி ஏசப் போனனான். வதனி என்ர கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா.

பிறகு வளத்த வீட்டுக்காரி. இங்கெர் எண்டு பேர். அம்பது வயசிருக்கும். அவள்தான் முதல் குற்றவாளி எண்டு நான் நினைச்சுக்கொண்டு போனனான். அவளை அண்டைக்குத்தான் முதல் காணுறன். தண்ணிக் கிளாசை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

அவள் சொல்லுறாள். வெள்ளிக்கிழமை பிள்ளை வர முதல், மொழிபெயர்க்கிற ஆக்களுக்குத் தானே ரெலிபோன் எடுத்து, பிள்ளைக்குச் சொல்ல நாலைஞ்சு தமிழ்ச் சொல் கேட்டவளாம். பசி. தண்ணி. அம்மா. அதோட, பிள்ளைக்கு மனவருத்தம் எண்டு கந்தோர் சொன்னபடியால், அதுக்கு என்ன சொல் எண்டும் கேட்டவளாம். வருத்தம். அதையும் பாடமாக்கி வைச்சிருந்தவளாம்.

சனிக்கிழமை முழுக்க அவளின்ர நாயோட விளையாடியிருக்கிறான். பெரிய சடை நாய். கட்டிப்பிடிச்சு, அதின்ர கழுத்துக்குள்ள முகத்தை வைச்சு. நாயோட அவையின்ர பாஷையிலதான் கதைச்சவனாம், இரு, வா, ஓடு எண்டு. நல்லா, பிழையில்லாமல் கதைச்சவனாம். பொழுதுபடத் தொடங்க இருமல் வந்திருக்கு. வந்து அவளின்ர மடியில இருந்து "வருத்தம்" எண்டு சொல்லியிருக்கிறான். "வருத்தம், வருத்தம்" எண்டு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறான்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியும்தானே, தம்பி. தெரிஞ்ச சொல். பிள்ளை தாயை நினைச்சுக் கவலைப்படுது எண்டு அவள் அவனை இறுக்கிக் கட்டிப்பிடிச்சு வைச்சிருந்தவளாம். தலையைத் தடவிப் பாட்டுப் படிச்சவளாம். அவன் சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கி. நாயையும் பக்கத்தில கூப்பிட்டு விட்டவளாம், பிள்ளைக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு.

கொஞ்சம் பொறுங்கோ.

தண்ணி வேண்டாம். என்னட்ட இருக்கு.

பிறகு எங்கட லோயர் கேட்டவர், "பிள்ளைக்கு உங்கட பாஷை தெரியும் எண்டு சொல்லுறியள், பிள்ளையிட்ட உங்கட பாஷையில கேக்கேல்லையோ?" எண்டு. அவள் சொல்லுறாள், "கேட்டனான். எங்க நோகுது, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு, உனக்குச் சொல்லத் தெரியும்தானே எண்டு கேட்டனான். அவன் கதவைப் பாத்தவன். பிறகு கையால வாயைப் பொத்தினவன்" எண்டு.

எனக்கு, சத்தியமாச் சொல்லுறன், அந்த நேரத்திலயும் நெஞ்சு நிமிந்தது. அஞ்சரை வயசுப் பிள்ளை. மூச்சு விட ஏலாமல் கிடக்கு. வீட்டுக்குள்ள இருக்கிறன் எண்டு தெரிஞ்சு தமிழிலதான் சொன்னவன். எவ்வளவு சொல்வழி கேக்கிற பிள்ளை! பக்கத்தில இருந்த லோயரிட்ட அதைச் சொன்னனான். அவர் கடதாசியைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

நீங்களும் யன்னலைப் பாக்கிறியள். சரி.

கடைசியா நீதவான் தாய்க்கு ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டவர். எங்களுக்கெண்டு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தவர், இந்தமுறை யாழ்ப்பாணத்து ஆள்தான். அவர் எழும்பினார். வதனி கையைக் காட்டி அவரை இருத்திப்போட்டா. எழும்பி நிண்டு, அவையின்ர பாஷையில, தானே சொன்னவ. உடைச்சு உடைச்சுத்தான் சொன்னவ, ஆனால் எனக்கே விளங்கினது. "என்ர பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும். மூச்சு வரேல்லை எண்டு சொல்ல அவனுக்குத் தெரியும். சொல்லப் பயந்தவன்." அவ்வளவுதான். இருந்திட்டா.

நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான். சரியான அடி அது. பயந்தவன் எண்டா ஆருக்கு? அந்தப் புது வீட்டுக்கு, முன்னப்பின்ன தெரியாத ஆக்களுக்கு. பிள்ளையைப் பயப்படுத்தி வைச்சிருந்தவை எண்டதைத்தானே சொல்லுறா. ஆனால் அந்த நீதவான், வயசான மனிசன், கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார். கந்தோர்க்காரரைப் பாக்கவேண்டிய ஆள் என்னைப் பாக்கிறார். கனநேரம் பாத்தார். ஏன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

முடிஞ்சு வெளியில வர, தாழ்வாரத்தில இங்கெர் சுவரோட சாய்ஞ்சு நிக்கிறாள். வதனி நேர அவளிட்டப் போனா. கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுக்கப்போறா எண்டு நினைச்சனான். கட்டிப்பிடிச்சா, தம்பி. ரெண்டு பேரும் சேந்து அழுதவை. பிள்ளை செத்ததுக்கு வீட்டில ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, அவளின்ர தோளில கிடந்து குழறுறா. எனக்கு வந்த கோபத்துக்கு... நான் போய்க் காருக்குள்ள இருந்திட்டன்.

தீர்ப்பு வந்தது. கந்தோர் பிழைவிட்டதாம், அண்டைக்கே டொக்டரிட்டக் கேட்டிருக்கோணுமாம். இனிமேல் எங்கட ஆக்களுக்கு எங்கட தமிழ் தெரிஞ்ச ஆள்தான் கதைக்கோணுமாம். கந்தோர்த் தலைவி எழும்பி நிண்டு மன்னிப்புக் கேட்டவ. அந்தப் பொம்பிளையின்ர குரலும் உடைஞ்சுதான் போச்சு. அதோட சரி. ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. வேலையால நிப்பாட்டினதும் இல்லை. ஒருத்தரின்ர பேரும் இல்லை. என்ர பிள்ளை செத்ததுக்கு ஆர் காரணம் எண்டு அந்தத் தீர்ப்பில எங்கயும் இல்லை, தம்பி.

அதுதான் மேல்முறையீடு. அதுக்குத்தான் இப்ப போறன்.

வதனி வரேல்லை. அவ இப்ப வேற இடத்தில இருக்கிறா. பிரிஞ்சதெண்டில்லை. வயோதிபர் இல்லமொண்டில வேலை எடுத்திருக்கிறா, பக்கத்திலயே ஒரு அறை குடுத்திருக்கினம், வசதிக்கு அங்க இருக்கிறா. போக முதல் ஒரு மாசமா என்னோட தமிழ் கதைக்கேல்லை. நான் தமிழில கேட்டா அவ அவையின்ர பாஷையில மறுமொழி சொல்லுவா. சாப்பாடு வைச்சிருக்கிறன் எண்டதைக்கூட. கோபத்தில செய்யிறாவோ, பழக்கத்தில செய்யிறாவோ தெரியாது. பொம்பிளையளுக்குத் துக்கம் ஒவ்வொரு மாதிரி. ஆறினா வருவா.

நேற்று லோயர் ரெலிபோன் எடுத்துச் சொன்னவர், "குகதாசன், மேல்முறையீட்டுக்குப் போனா எல்லாத்தையும் முதலில இருந்து எடுப்பினம். கால் காயத்தையும் எடுப்பினம். இங்கெரையும் திருப்பிக் கூப்பிடுவினம். உங்கட மனைவியையும் கந்தோர்க்காரர் தங்கட சாட்சியாக் கூப்பிடுவினம். அவ வாறதுக்கு ஓம் எண்டிட்டா. நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ" எண்டு. யோசிக்க என்ன கிடக்கு? வரட்டும். எல்லாரையும் கூப்பிடட்டும். உண்மைதானே வெளியில வரும்.

இந்தா, வந்திட்டுது, அங்கால கட்டிடங்கள் தெரியுது. நீங்கள் இறங்குங்கோ தம்பி, உங்களுக்குப் பிந்தும். கதையைச் சொல்லி உங்கட நேரத்தைத் திண்டிட்டன்.

நான் கேக்கப் போறது ஒண்டே ஒண்டுதான். தலைநகரத்துப் பெரிய நீதவான்மாருக்கு முன்னால நிண்டு கேக்கப் போறன். என்ர பிள்ளைக்கு ரெண்டு பாஷையும் வடிவாத் தெரியும். மூச்சு நிக்கப் போற நேரத்தில என்ர பிள்ளை ஏன் வாயைப் பொத்தினவன்? ஆருக்குப் பயந்தவன்? அந்த ஆளின்ர பேரை அவை எனக்குச் சொல்லவேணும். சொல்லுமட்டும் நான் விடமாட்டன்.